பொதுப் பெயர் தாய்நாட்டுப் பெயரை விழுங்கலாமா?

ஒருவரை நோக்கி, "நீர் யார்?" என வினவும் உரிமை எவர்க்கும் உண்டு. அவ்வினாவுக்கு விடை கூறும் உரிமையோ வினவப்பட்டவர்க்கே உண்டு. வினவியவரே விடையையும் எழுதி வைத்துக்கொண்டு, "இதன் கீழ்க் கையொப்பமிடும்" என்று நீட்டுவாராயின் அதனை விசாரணை என்று எவ்வாறு கூறுவது? ஐக்கிய அமெரிக்காவில் வாழும் ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் அரை நூற்றாண்டாக இந்த நிலையிலேயே இருந்து வருகின்றனர். மெக்சிக்கோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா, எல் சல்வடோர், டொமினிக்கன் குடியரசு முதலிய இடங்களிலிருந்து தாமோ தம் முன்னோரோ வந்தவர்கள் இவர்கள். இவர்களுட் பெண்களை "இலத்தீனா" என்றும் ஆண்களை "இலத்தீனோ" என்றும் அழைப்பது அந்நாட்டு வழக்கு.

"நான் இலத்தீனா" என்று ஒரு பெண் தலைநிமிர்ந்து கூறும்போது கைகொட்டுவோர் பலர். அவளே, "நான் புவேர்ட்டோ ரிக்கோப் பெண்", "நான் சல்வடோர்ப் பெண்" என்று தன் தாய்நாட்டின் பெயரை எடுத்துரைக்கும்போது, "அஃது எதற்கு? பொதுப் பெயர் போதாதா? தனிப் பெயர் ஒற்றுமையைக் குலைக்காதா?" என்று முகஞ்சுளிப்போரும் உளர். அவர்தம் கூற்றை ஆராய்வதே இங்கு நம் நோக்கம். நம் முடிபை முதலிலேயே கூறிவிடுகின்றோம். உரிமை கேட்டுச் செல்லும் வாயிலிலே பொதுப் பெயர் உதவும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், கேட்கப்படும் உரிமை எது, அதனைக் கேட்பவள் யார், அவளுக்கு இழைக்கப்பட்ட அநீதி யாது என்பவற்றைத் தாய்நாட்டுப் பெயரே எடுத்துக் கூறும். அப்பெயரை இழந்தவள் பெருங்கூட்டத்தின் நடுவிலும் ஊமையாவாள்.

பெயர் வந்த வழி

"இலத்தீன் அமெரிக்கா" என்னும் தொடர் அம்மண்ணின் உழவர் வைத்த பெயரன்று. பாரிஸ் நகரிலே தங்கியிருந்த தென்னமெரிக்க அறிஞர் சிலர், வட அமெரிக்காவின் விரிவுக்கு எதிராகத் தம் நாடுகள் ஒன்றுபட வேண்டும் என்ற கருத்தோடு 1856ஆம் ஆண்டளவில் அதனை வழங்கினர். சில ஆண்டுகளின் பின்னர், மூன்றாம் நெப்போலியனின் பிரெஞ்சுப் படை மெக்சிக்கோவினுள் நுழைந்தபோது, அப்படையெடுப்பை நியாயப்படுத்தவும் அதே "இலத்தீன்" உறவே எடுத்தாளப்பட்டது. ஒரு சாரார் கையிற் கேடயமாக இருந்த சொல் மற்றொரு சாரார் கையில் வாளாக மாறிற்று. பொதுப் பெயர்களின் இயல்பு இதுவே. அவை எவர் கையில் உள்ளன என்பதைப் பார்த்தே அவற்றின் நன்மை தீமையை நாம் அளவிட வேண்டும்.

அமெரிக்க அரசாங்கத்தின் குடிசன மதிப்பை எடுத்துக்கொள்வோம். 1930ஆம் ஆண்டு மதிப்பில் "மெக்சிக்கர்" என்பதை ஓர் இனமாகக் குறித்தனர். அப்பத்தாண்டிலேயே, பொருளாதார மந்தத்தைக் காரணங்காட்டிப் பல இலட்சம் மெக்சிக்கர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர், அல்லது வெளியேறுமாறு நெருக்கப்பட்டனர். அமெரிக்க மண்ணிலே பிறந்து அந்நாட்டின் குடியுரிமை பெற்றிருந்த பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். மெக்சிக்கோ அரசும் அமெரிக்காவிலிருந்த மெக்சிக்கர் சங்கங்களும் ஆட்சேபித்ததன்மேல் 1940ஆம் ஆண்டு மதிப்பில் அந்த இனப்பிரிவு கைவிடப்பட்டது.

பின்னர், 1976இல், ஸ்பானிய வழிவந்த அமெரிக்கரைப் பற்றிய விபரங்களை அரச திணைக்களங்கள் திரட்ட வேண்டும் என்று காங்கிரஸ் சட்டம் இயற்றியது. 1977இல் வெளியான கட்டளையொன்று, மெக்சிக்கர், புவேர்ட்டோ ரிக்கர், கியூபர், மத்திய அமெரிக்கர், தென்னமெரிக்கர் ஆகிய அனைவரையும் "ஹிஸ்பானிக்" என்னும் ஒரே சொல்லால் கட்டிற்று. 1980ஆம் ஆண்டு மதிப்பில் நாட்டு மக்கள் அனைவரிடமும் இதுபற்றிய வினா விடுக்கப்பட்டது. 1997இற் செய்த திருத்தத்தின்படியே "இலத்தீனோ" என்ற சொல்லும் அரச ஏட்டில் ஏறிற்று. பட்டியலில் ஓர் இடம் கிடைத்தது. நாடுகள் பலவும் அதற்குள் அடங்கின.

இவ்வேற்பாடு எத்துணைத் தள்ளாட்டமுடையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். பிரேசில் நாட்டவர் போர்த்துக்கேய மொழி பேசுவோர். ஸ்பானிய மரபினர் அல்லர் என்பதால் அவர்கள் அரச கணக்கில் ஹிஸ்பானிக் ஆகக் கொள்ளப்படுவதில்லை. தம்மை இலத்தீனோ என எழுதினாலும், அலுவலகம் அதனைத் திருத்திவிடும். 2020ஆம் ஆண்டுக் கருத்தாய்வொன்றில் அத்திருத்தம் தவறுதலாகச் செய்யப்படாது விடப்பட்டது. விளைவு யாது? அதற்கு முந்திய ஆண்டில் ஏறக்குறைய 14,000 பேராயிருந்த "பிரேசில் இலத்தீனோக்கள்" ஒரே ஆண்டில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோராகினர்! எவரும் புதிதாய்ப் பிறந்துவிடவில்லை. எவரும் கப்பலேறி வந்துவிடவுமில்லை. எழுதுவினைஞரின் ஒரு கோடு அடிபட்டதும் அடிபடாததுமே வேறுபாடு. இவ்வண்ணம் அலுவலக மேசையில் வரையப்படும் எல்லை, ஒரு தாய் தன் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெயரினும் மேலானதாக எவ்வாறு இருத்தல் கூடும்?

பொதுப் பெயரின் பயன்

நியாயத்தை நாடுவோர் எதிர்த்தரப்பின் வலிமையையும் கூறுதல் வேண்டும். எண்ணப்படாத மக்கள் எதனையும் கேட்க முடியாது. தமக்குள் பிரிந்து நின்றபோது, மெக்சிக்கர் தென்மேற்கு மாநிலங்களின் பிரச்சினையாகவும், புவேர்ட்டோ ரிக்கர் நியூயோர்க் நகரின் பிரச்சினையாகவும், கியூபர் புளோரிடாவின் பிரச்சினையாகவும் ஒதுக்கப்பட்டனர். வாஷிங்டன் நகரில் அவர்கள் அனைவருக்குமாகப் பேசப் பொதுக் குரலொன்று வேண்டியிருந்தது. 1975ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத் திருத்தத்தை நோக்குக. மொழிச் சிறுபான்மையோர் செறிந்து வாழும் பகுதிகளில் வாக்குச் சீட்டும் தேர்தல் அறிவித்தலும் அவர்தம் மொழியில் அமைய வேண்டும் என்னும் விதி அதனாற் கிடைத்தது. ஸ்பானிய மொழியினர் அதனாற் பெற்ற நன்மை பெரிது. ஒன்றுபட்டுக் கேட்டதால் வந்த பயன் இஃது.

2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இம்மக்களின் தொகை 6 கோடியே 21 இலட்சம். இப்பெருந்தொகையை எந்தக் கட்சியும் புறக்கணிக்க முடியாது. ஆனால் அத்தொகையின் உள்ளே சற்று நுழைந்து பார்க்க வேண்டும். ஏறக்குறைய 3 கோடியே 60 இலட்சம் பேர் மெக்சிக்க வழியினர். புவேர்ட்டோ ரிக்கர் 56 இலட்சத்தினர். சல்வடோர் வழியினர் 23 இலட்சத்தினர். ஐவருள் மூவர் ஒரே நாட்டு வழியினராயிருக்கும் கூட்டத்தில், பொதுப் பெயரை மட்டும் உச்சரித்தால் எஞ்சிய இருவரின் குரல் எங்கே கேட்கும்?

அம்மக்களிடமே கேட்டுப் பார்த்த ஆய்வும் உண்டு. பியூ ஆராய்ச்சி நிலையம் 2011இல் நடத்தி 2012இல் வெளியிட்ட கருத்தாய்வில், தம்மைக் குறிக்கத் தம் குடும்பத்தின் தாய்நாட்டுப் பெயரையே பெரும்பாலும் வழங்குவதாக 51 வீதத்தினர் கூறினர். ஹிஸ்பானிக் அல்லது இலத்தீனோ என்ற பொதுப் பெயரை முதன்மையாக வழங்கியோர் 24 வீதத்தினரே. ஆண்பால் பெண்பால் வேறுபாட்டை நீக்கும் நன்னோக்குடன் பின்னர் "லத்தீனெக்ஸ்" என்றொரு சொல்லை அறிஞர் சிலர் புகுத்தினர். 2020இல் அதே நிலையம் வெளியிட்ட கருத்தாய்வின்படி அதனைத் தமக்கு வழங்கியோர் 3 வீதத்தினர் மட்டுமே. மேலிருந்து இறக்கப்படும் பெயர், எத்துணை நல்லெண்ணத்தோடு இறக்கப்பட்டாலும், அடுப்படிக்கும் வயலுக்கும் எளிதில் வந்து சேராது.

மூன்று பெண்கள், மூன்று சட்டங்கள்

"பெயரில் என்ன இருக்கிறது? அனைவரும் ஒரே துயரை அனுபவிப்போர் தாமே" என்பார்க்குச் சட்டப் புத்தகமே விடை கூறும். 1980களின் நடுவில் நியூயோர்க் நகரின் ஒரே தெருவில் வாழும் மூன்று பெண்களை மனத்திற் கொள்வோம். மூவரும் ஸ்பானிய மொழி பேசுவோர். மூவரும் அரச பட்டியலில் ஒரே நிரலில் எழுதப்படுவோர்.

முதலாமவள் புவேர்ட்டோ ரிக்கோவினள். 1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா கைப்பற்றிய தீவு அவளுடையது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தால் அத்தீவினர் அமெரிக்கக் குடிமக்களாயினர். எனவே அவள் நியூயோர்க்கிற்கு வர எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆனால் அவள் தீவிலேயே தங்கியிருந்தால் சனாதிபதித் தேர்தலில் வாக்களிக்க முடியாது. இரண்டாமவள் கியூபாவினள். 1959ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னர் வந்தோருக்கென 1966இல் இயற்றப்பட்ட தனிச் சட்டம் நிரந்தர வதிவுரிமைக்கு அவளுக்கு வழி திறந்தது. மூன்றாமவள் சல்வடோரினள். 1980 முதல் 1992 வரை அந்நாட்டை எரித்த உள்நாட்டுப் போரிலே ஏறக்குறைய 75,000 பேர் மாண்டனர். அப்போரில் அமெரிக்க அரசு எல் சல்வடோர் அரசுக்கு உதவி வந்தது. அங்கிருந்து தப்பி வந்தோர் அகதித் தஞ்சம் கேட்டபோது, 1984இல் நூற்றுக்கு மூவருக்கேனும் அது வழங்கப்படவில்லை.

ஒருத்தி குடியுரிமை இருந்தும் முழு வாக்குரிமை அற்ற தீவின் மகள். ஒருத்தி வரவேற்கப்பட்டவள். ஒருத்தி விரட்டப்பட்டவள். இம்மூவரையும் நோக்கி, "நீங்கள் மூவரும் இலத்தீனாக்கள், உங்கள் வரலாறு ஒன்றே" என்று கூறுவது எவருக்கு வசதி? தன் வெளிநாட்டுக் கொள்கையின் விளைவை மறைக்க விரும்பும் அரசுக்கே வசதி. "நான் சல்வடோர்ப் பெண்" என்று அவள் வாய்திறந்து சொன்ன கணத்திலேயே, "உன் ஊரை எரித்த துப்பாக்கிக்குப் பணம் கொடுத்தவர் யார்?" என்ற கேள்வியும் உடன் எழுந்து நிற்கும். தாய்நாட்டுப் பெயர் ஓர் அலங்காரப் பொருளன்று. அஃது ஒரு சாட்சியம்.

கொடியும் உடலும்

புவேர்ட்டோ ரிக்கோவின் கதையை இன்னும் சற்று விரித்துரைத்தல் தகும். 1895இல் நியூயோர்க்கில் கூடிய விடுதலை வீரர் அத்தீவுக்கென ஒரு கொடியை ஏற்றுக்கொண்டனர். 1948ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அக்கொடியைப் பறக்கவிடுவதே சிறை செல்லத்தக்க குற்றமாயிற்று. வீட்டினுள் வைத்திருந்தோரையும் அச்சட்டம் துரத்திற்று. 1952இல் அத்தீவின் புதிய அரசியல் அமைப்போடு அதே கொடி உத்தியோகபூர்வக் கொடியாயிற்று. அச்சட்டம் நீங்கியதோ 1957இலேதான். இன்று நியூயோர்க் வீதிகளில் ஆண்டுதோறும் நிகழும் ஊர்வலத்தில் ஒரு பெண் அக்கொடியைத் தோளிற் போர்த்துச் செல்வதைக் கண்டு, "வெறும் ஆரவாரம்" என நகைப்போர் இவ்வரலாற்றை அறியாதோரே. ஒரு காலத்தில் தண்டனைக்குரியதாயிருந்த துணியை அவள் வெயிலில் விரிக்கின்றாள்.

அத்தீவின் பெண்கள் கொடியோடு நில்லாமல் தம் உடலையும் இழந்தனர். சனத்தொகை மிகுதி என்னும் பெயரால் 1937இல் கருத்தடை அறுவைக்குச் சட்டம் வழி செய்தது. 1965இல் நடைபெற்ற ஆய்வொன்று, 20 முதல் 49 வயது வரையுள்ள தாய்மாரில் மூவருள் ஒருவர் அவ்வறுவைக்கு ஆளாயிருந்ததை வெளிக்கொணர்ந்தது. அதன் விளைவு மீளாதது என்பதைத் தெளிவாக அறியாமலே உடன்பட்டோர் பலர்.

இதனை எதிர்த்தெழுந்தோருள் ஒருவர் வைத்திய கலாநிதி எலன் ரொட்ரிகஸ் திரியாஸ். 1929இல் நியூயோர்க்கிற் பிறந்து, இளமையில் புவேர்ட்டோ ரிக்கோவில் வளர்ந்து, அத்தீவின் பல்கலைக்கழகத்திலேயே 1960இல் வைத்தியப் பட்டம் பெற்ற அம்மையார் தம் தீவின் அனுபவத்தை மறக்கவில்லை. நியூயோர்க்கில் ஏழை மக்களிடையே பணியாற்றியபோது, கருத்தடைக் கொடுமைக்கு எதிரான இயக்கத்தை 1970களில் ஏனையோருடன் சேர்ந்து கட்டியெழுப்பினார். அதே காலத்தில் லொஸ் ஏஞ்செலிஸ் நகரில் மெக்சிக்கப் பெண்கள் பதின்மர் இதே கொடுமைக்காக நீதிமன்றம் ஏறினர். 1978இல் அவ்வழக்கு அவர்களுக்குப் பாதகமாகவே முடிந்தது. எனினும் அதே ஆண்டில் மத்திய அரசு புதிய விதிகளை வெளியிட்டது. பெண் அறிந்த மொழியிலேயே விளக்கம் அளிக்க வேண்டும், ஒப்பமிட்ட பின் 30 நாள் காத்திருக்க வேண்டும் என்பன அவ்விதிகளுட் சில.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. அம்மையார் புவேர்ட்டோ ரிக்கோப் பெண் என்ற நினைவிலிருந்து புறப்பட்டார். அடைந்த பயனோ நிறம், மொழி, நாடு பாராது எல்லாப் பெண்களுக்கும் உரியதாயிற்று. 1993இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்துக்குத் தலைமை ஏற்ற முதல் இலத்தீனாவும் அவரே. தன் வீட்டுத் துயரை அறிந்தவரே அயல் வீட்டுத் துயருக்கும் மருந்து தேடினார்.

ஒற்றுமை குலையுமா?

இனி, "தனிப்பெருமை ஒற்றுமையைக் குலைக்கும்" என்னும் முதன்மையான ஆட்சேபத்துக்கு வருவோம். வரலாறு இதற்கு நேர்மாறாகச் சாட்சி பகர்கின்றது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கலிபோர்ணியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் என்னும் ஊரில் மென்டெஸ் குடும்பத்தினர் 40 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அஸ்பராகஸ் என்னும் மரக்கறியைப் பயிரிட்டனர். நிலத்துக்குரிய யப்பானியக் குடும்பத்தினரை அரசு தடுப்பு முகாமில் அடைத்திருந்தது. கணவர் கொன்சாலோ மெக்சிக்கர். மனைவி பெலிசித்தாஸ் புவேர்ட்டோ ரிக்கோவினர். இவர்தம் பிள்ளைகளை ஊர்ப் பாடசாலை சேர்க்க மறுத்து, "மெக்சிக்கர் பாடசாலைக்குப் போங்கள்" என்று துரத்திற்று. அவர்களோடு சென்ற அத்தையின் பிள்ளைகள் வெள்ளைத் தோலும் பிரெஞ்சு ஒலியுடைய குடும்பப் பெயரும் உடையோராகையால் அவர்களைச் சேர்க்க அதே பாடசாலை இசைந்தது! ஒரே குடும்பம், ஒரே நாள், நிறத்துக்கொரு நீதி.

அக்கமக்காரக் குடும்பம் பணிந்து போகவில்லை. வேறு நான்கு குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு 1945இல் வழக்குத் தொடுத்தது. கணவர் வழக்குக்காக அலைந்தபோது மனைவியார் வயலைப் பார்த்துக்கொண்டார். 1946இல் தீர்ப்பு அவர்களுக்குச் சார்பாயிற்று. 1947இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. அவ்வாண்டே கலிபோர்ணியாவில் பாடசாலைப் பிரிவினைச் சட்டங்கள் நீக்கப்பட்டன. நீக்கும் சட்டத்திற் கையொப்பமிட்ட ஆளுநர் ஏள் வாரனே 1954இல் பிரதம நீதியரசராக அமர்ந்து, கறுப்பினப் பிள்ளைகளுக்குச் சமமான கல்வி வாயிலைத் திறந்த பிரௌன் வழக்கின் தீர்ப்பை எழுதினார். மெக்சிக்கருக்கும் புவேர்ட்டோ ரிக்கருக்கும் பொதுப் பெயர் ஒன்றை அரசு சூட்டுவதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே இவை நிகழ்ந்தன என்பதைக் கவனிக்க. ஒற்றுமைக்கு வேண்டியது நியாய உணர்ச்சி. பட்டியலில் ஒரு நிரல் அதற்கு முன்தேவையன்று.

கமக்காரர் அறிய வேண்டிய மற்றொரு நிகழ்ச்சியும் கலிபோர்ணியாவிலேயே உண்டு. 1965 செப்தெம்பர் 8ஆம் நாள் டெலானோ என்னும் ஊரின் முந்திரிகைத் தோட்டங்களிலே பிலிப்பைன்ஸ் நாட்டுத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினர். மெக்சிக்கத் தொழிலாளர் பெரும்பான்மையாயிருந்த சங்கம் அவர்களோடு சேருவதா, விலகி நிற்பதா என முடிவு செய்யக் கூடிய நாள் எது தெரியுமா? செப்தெம்பர் 16, மெக்சிக்கோவின் சுதந்திர நாள். தம் நாட்டின் விடுதலைத் திருநாளிலே, தேவாலய மண்டபமொன்றிற் கூடி, பிலிப்பைன்ஸ் தோழருடன் தோளோடு தோள் நிற்பதென அவர்கள் முடிவு செய்தனர். 1966இல் தலைநகர் நோக்கி அவர்கள் நடந்த நெடும் பயணத்தின் முன்னணியில் மெக்சிக்க மக்களின் குவாதலூப்பே மாதாவின் கொடி சென்றது. ஐந்தாண்டுப் போராட்டத்தின் முடிவில், 1970 யூலையில், தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டனர்.

அப்போராட்டத்தை நடத்தியோருள் ஒருவர் டொலொரெஸ் உவேர்த்தா அம்மையார். 1930இல் நியூ மெக்சிக்கோ மாநிலத்திற் பிறந்த இவர் முதலில் ஆசிரியையாக இருந்தவர். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் பசியோடு வகுப்புக்கு வருவதைக் கண்டு, கற்பிப்பதை விட்டுச் சங்கம் கட்டப் புறப்பட்டார். முதலாளிகளோடு ஒப்பந்தம் பேசும் மேசையில் எதிரில் இருந்தவர் அவரே. தாம் மெக்சிக்க வழியினர் என்பதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. மறைக்காதிருந்தமையாலேயே அத்தொழிலாளர் அவரைத் தம்முள் ஒருவராக நம்பினர். "மெக்சிக்கர்" என்னும் பெருமை பிலிப்பைன்ஸ் தொழிலாளருக்கு எதிராக எழுந்ததா? இல்லை. தன் திருநாளைத் தோழனின் போராட்டத்துக்கு நல்கும் பெருந்தன்மையாக எழுந்தது.

பாடசாலையில் நடந்த போர்

தாய்நாட்டு மரபை அழிக்க விரும்புவோர் முதலிற் கைவைப்பது பாடப் புத்தகத்திலேதான். 1968 மார்ச் மாதத்தில் கிழக்கு லொஸ் ஏஞ்செலிஸ் பாடசாலைகளில் ஆயிரக்கணக்கான மாணவரும் மாணவியரும் வகுப்பை விட்டு வீதிக்கு வந்தனர். ஸ்பானிய மொழி பேசினால் தண்டிக்கப்படுவதை அவர்கள் எதிர்த்தனர். தம் மெக்சிக்க முன்னோரின் வரலாறு பாடத்தில் இடம்பெற வேண்டும் என்று கேட்டனர். முன்னர் இழிசொல்லாக எறியப்பட்ட "சிக்கானோ", "சிக்கானா" என்னும் பெயர்களையே அத்தலைமுறை பெருமைச் சொல்லாக எடுத்துச் சூடிக்கொண்டது.

அப்போர் அத்தோடு முடியவில்லை. அரிசோனா மாநிலம் 2010இல் இயற்றிய சட்டத்தின் பேரால், தூசோன் நகரப் பாடசாலைகளில் நடைபெற்ற மெக்சிக்க அமெரிக்கக் கல்வி 2012இல் நிறுத்தப்பட்டது. தனிப்பெருமை பிரிவினையை வளர்க்கும் என்பதே அங்கும் கூறப்பட்ட காரணம். 2017இல் மத்திய நீதிமன்ற நீதிபதி, அச்சட்டம் இன வெறுப்பின் தூண்டுதலால் இயற்றப்பட்டுச் செயற்படுத்தப்பட்டது எனத் தீர்த்தார். பிரிவினை எவர் உள்ளத்தில் இருந்தது என்பதை அத்தீர்ப்பு காட்டிற்று.

நீதியரசரின் சோறு

2009இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் இலத்தீனா நீதியரசர் சோனியா சொத்தொமயோர், 1954இல் நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில் புவேர்ட்டோ ரிக்கோப் பெற்றோருக்குப் பிறந்தவர். 2001இல் கலிபோர்ணியாவின் பேர்க்லியில் ஆற்றிய உரையில் தம் இலத்தீனா உணர்வு எதனால் ஆனது என விளக்க முற்பட்ட அவர், நியூயோர்க்கில் வாழும் புவேர்ட்டோ ரிக்கராகத் தம்மைக் குறித்தார். தம் வீட்டு உணவுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணினார். சோறும் துவரையும் அவற்றுள் அடங்கும். துவரை நம் பக்கத்துப் பயிர். இந்தியாவிலிருந்து கடல்கள் தாண்டிக் கரிபியன் தீவுகளின் அடுப்பிலேறியது.

அவ்வுரையில் வந்த ஒரு வாக்கியத்தை 2009இல் மூதவை உறுப்பினர் சிலர் பெருங் குற்றமாகப் பிடித்துக்கொண்டனர். நம் கருத்தோ வேறு. சட்டப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்த அறிவாளி, "நீர் யார்?" என்ற வினாவுக்குக் குடிசன மதிப்பின் வரைவிலக்கணத்தை ஒப்புவிக்கவில்லை. தாயின் கைச்சோற்றைக் கூறினார். "இலத்தீனா" என்னும் பொதுச் சொல்லுக்கு அவரளவில் பொருள் தந்தது புவேர்ட்டோ ரிக்கோவே. தாய்நாட்டுப் பெயரை நீக்கிவிட்டால் பொதுப் பெயரில் எஞ்சுவது வெற்றுப் பானை.

எவ்வகைப் பெருமை?

இத்துணையும் கூறிய நாம் ஓர் எச்சரிக்கையையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். தாய்நாட்டுப் பெருமை என்பது தாய்நாட்டில் நிகழ்ந்த அனைத்துக்கும் தலையசைப்பதன்று. டொமினிக்கன் குடியரசை 1930 முதல் 1961 வரை அடக்கியாண்ட துருகியோ என்னும் கொடுங்கோலனும் அந்நாட்டவனே. 1937இல் எய்த்தி நாட்டவர் ஆயிரக்கணக்கானோரைக் கொன்று குவிக்கக் கட்டளையிட்டவன் அவன். அவனை எதிர்த்து நின்று 1960 நவெம்பர் 25ஆம் நாள் கொலையுண்ட மிராபல் சகோதரியர் மூவரும் அந்நாட்டவரே. அந்நாளையே பெண்களுக்கு எதிரான வன்செயலை ஒழிக்கும் உலக நாளாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1999இல் அறிவித்தது. டொமினிக்கன் வழிவந்த பெண்ணுக்கு இரு மரபுகளும் முன்னே கிடக்கின்றன. எதனைத் தன்னுடையதென ஏற்பது என்பதிலேயே அவள் பெருமையின் தரம் தெரியும்.

அன்றியும், பெரிய பெயர் சிறிய பெயரை விழுங்கலாகாது என்ற நியாயம் தாய்நாட்டுக்கும் பொருந்தும். குவாத்தமாலாவில் இருபதுக்கு மேற்பட்ட மாயா மொழிகள் வழங்குகின்றன. 1960 முதல் 1996 வரை நிகழ்ந்த அந்நாட்டு உள்நாட்டுப் போரில் அடையாளங் காணப்பட்ட பலியானோருள் 83 வீதத்தினர் மாயா மக்கள் என 1999இல் உண்மை அறியும் ஆணைக்குழு கூறிற்று. கலிபோர்ணியாவின் தோட்டங்களில் இன்று உழைக்கும் மெக்சிக்கப் பெண்களுள் மிஸ்தேக் மொழியையே தாய்மொழியாகக் கொண்டோரும் உளர். ஸ்பானியம் அவர்களுக்கு இரண்டாம் மொழி. அவளை "இலத்தீனா" என்பதோடு நில்லாமல் "மெக்சிக்கப் பெண்" என்றதும் நம் கடமை தீர்ந்ததென எண்ணலாகாது. அவள் இன்னுமொரு பெயரைச் சொன்னால் அதனையும் கேட்கும் செவி வேண்டும். தனக்கு வேண்டிய நீதியைத் தனக்குக் கீழுள்ளார்க்கு மறுப்பவனின் பெருமை, பெருமையன்று, அகந்தை.

ஆதலின் நாம் வலியுறுத்துவது இதுவே. மருத்துவரும் ஆசிரியரும் சட்டத்தரணியும் தம்மிடம் வரும் பெண்ணைப் பட்டியலின் நிரலாகக் காணாது, அவள் கூறும் நாட்டின் பெயரையும் ஊரின் பெயரையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் எம்மொழிக்குத் தேவை, அவள் அஞ்சுவது எதற்கு, அவளுக்குரிய சட்டம் எது என்பன அப்பெயரிலேயே அடங்கியுள்ளன. பொதுப் பெயரால் கூடி உரிமை கேட்கட்டும். கூடிய பின் ஒவ்வொருத்தியும் தன் பெயரால் எழுந்து பேசட்டும். வயலில் எல்லாப் பயிருக்கும் மழை பொதுவாகவே பெய்யும். வேர் மட்டும் ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனியே உண்டு. மழை பொது என்பதற்காக வேரை அறுத்தெறியும் கமக்காரன் எந்நாட்டிலும் இல்லை.